மஞ்சள் மூக்கு

பண்ணை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய பிறகும் ஆஷிக் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“கழட்டு ஆஷிக். உள்ள போணும்” என்றாள் மானசா.

“இருக்கட்டும் மேடம். தாராவி ஆளு எவனாச்சும் பாத்தான்னா, நான் வீடு போய்ச் சேருததுக்கு முன்னால வாப்பாவுக்கு நியூஸ் போயிரும். ஒங்க மவனுக்குப் பன்னிப் பண்ணையில என்ன சோலின்னு.”

“நான் மட்டும் என்னவாம்? மாதுங்கால எங்க பில்டிங் மாமிகளுக்குத் தெரிஞ்சா என்னை லிஃப்ட்லயே ஏத்த மாட்டா.”

“அப்ப இந்தக் கேஸுக்கு நம்மள விட்டா பம்பாய்லயே ஆளு கிடையாது. நீங்க திங்க மாட்டிய, நான் தொடக்கூட மாட்டேன். எவனும் கறி குடுத்து நம்மள வளைக்க முடியாது. பக்கா நியாயம்.”

மானசா ஏற்கெனவே வாசலைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈட்டுப் பிரிவில் வேலை பார்த்து, அதை விட்டு, மாதுங்காவில் ஓர் ஓட்டல் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள். எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்ப மாட்டாள். இரண்டு முறை பார்த்த பிறகும் பாதிதான் நம்புவாள். மீதிப் பாதிக்கு ஆஷிக்கைத் திட்டுவாள். அவன் அவளுடைய உதவியாளன், ஓட்டுநர், யாரும் கேட்காமலே கருத்துச் சொல்கிற ஆள்.

செம்பூரைத் தாண்டி, உப்பளத்தை ஒட்டி இருந்தது அந்தப் பண்ணை. தகரக் கூரை, சுற்றிலும் மதில், இரும்புக் கதவு. கதவுக்கு வெளியே ஒரு பாதாம் மரம். அதன் அடியில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று நாள் தாடி. உள்ளேயிருந்து குட்டி ஒன்று கத்தும்போதெல்லாம் அவன் தலை கதவுப் பக்கம் திரும்பியது.

“பிரம்மநாயகம் நீங்கதானே?” என்றாள் மானசா.

“ஆமா மேடம்.”

“ஏன் வெளியில இருக்கேள்?”

“மச்சான் உள்ள விட மாட்டேங்காரு. நான்தான் சீக்கக் கொண்டாந்தேனாம்.” குரலில் கோபத்தைவிடக் களைப்பே அதிகம். “சாயந்தரம் தாராவியில சொந்தக்காரங்கள எல்லாம் கூப்பிட்டிருக்காரு. அங்க ஏம் பேரச் சொல்லப் போறாராம். சொல்லிட்டா அப்புறம் எந்தப் பண்ணையிலும் என்னைய ஏத்த மாட்டாக. ஏம் பொஞ்சாதிய எங்கூட அனுப்பவும் மாட்டாக. அவ மச்சானுக்குத் தங்கச்சி.”

“நீங்க கொண்டு வந்தேளா?”

“இல்ல.”

“அவருக்குத் தொழில்ல போட்டியான வானமாமலை பண்ணைக்குப் போனது?”

“போனேன். அது நெசம்.” அவன் எழுந்து நின்றான். “மேடம், உள்ள போறதுன்னா அவங்க குடுக்குத பூட்சப் போட்டுட்டுப் போங்க. ஒங்க செருப்போட போகாதிய. இருக்கிற குட்டியாவது பொழைக்கட்டும்.”

ஆஷிக் அவளிடம் குனிந்தான். “குத்தவாளி ஹெல்த் அட்வைஸ் குடுக்கான் மேடம். இது புதுசா இருக்கு.”

*

உள்ளே சுடலைக்கண்ணன் காத்திருந்தார். இந்த வழக்கைக் கொண்டு வந்தவர் அவர்தான். பருத்த உடம்பு, வெள்ளை பனியன், பேசும்போது எதிரே நிற்பவர் செவிடு என்பது போன்ற குரல். பக்கத்தில் ரப்பர் பூட்ஸும் கையுறையுமாக ஓர் இளம் பெண், காட்கோபரிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் ஸ்மிதா.

“வாங்க மேடம். வந்து பாருங்க, ஏம் பொழப்பு கெடக்குற கெடைய” என்றார் சுடலைக்கண்ணன்.

மானசா பார்த்தாள். ஒரு கொட்டிலில் தாய்ப்பன்றி படுத்திருந்தது. காதுகளின் ஓரம் நீலம் பாரித்திருந்தது. அதன் பக்கத்தில் சாக்கு மூடி வைத்திருந்ததை டாக்டர் தூக்கிக் காட்டவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். மாசம் முழுசாகும் முன்பே விழுந்த குட்டிகள். சில இறந்தே பிறந்தவை, சில வயிற்றுக்குள்ளேயே வற்றிப்போனவை. அடுத்த கொட்டிலில் பிழைத்தவை சில கிடந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் அவற்றின் விலா உள்ளே இழுத்து வெளியே வந்தது.

“லேப் ரிசல்ட் வந்தாச்சு” என்றாள் ஸ்மிதா. “பி.ஆர்.ஆர்.எஸ்.னு ஒரு வைரஸ். பெரிய பன்னிக்குக் கருவைக் கலைக்கும், சின்னதுக்கு லங்ஸை அடைக்கும். விஷம் கிஷம் ஒண்ணும் இல்லை. இவர்தான் காலைலேர்ந்து விஷம் விஷம்னு கத்திண்டிருக்கார்.”

“மனுஷாளுக்கு வருமா?”

“நஹி. பன்னிக்கு மட்டும்தான்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றான் ஆஷிக், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

“மருந்து?”

“நேரடியா ஒண்ணும் கிடையாது. கூட வர்ற சளிக்கு, காய்ச்சலுக்குக் குடுக்கலாம். இதுக்கு நிஜமான மருந்து வராம பாத்துக்கறதுதான். ஒரு தடவை உள்ள வந்துடுத்துன்னா பன்னிக்குப் பன்னி தாவிண்டே இருக்கும்.”

“உள்ள எப்படி வரும்?”

ஸ்மிதா விரல் விட்டு எண்ணினாள். “புதுசா ஒரு பன்னி வாங்கிண்டு வந்தா வரும். வெளியிலேர்ந்து விந்து வாங்கிப் போட்டா வரும். ஒரே ஊசியை எல்லாத்துக்கும் குத்தினா ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் போகும். சீக்குப் பண்ணைக்குப் போன பூட்ஸ், துணி, வண்டி. இவ்வளவுதான் மெயின் ரோடு. சந்து பொந்து வேற இருக்கு.”

“கேட்டியளா?” சுடலைக்கண்ணன் குரல் உயர்ந்தது. “ஊசி போடுதவன் எவன்? அவன். வானமாமலை பண்ணைக்குப் போனவன் எவன்? அவன். வானமாமலை எனக்குத் தொழில்ல எதிரி. அவன் பங்கு தாறேன்னு ஆசை காட்டியிருப்பான், இவன் கால்ல ஒட்டிக் கொண்டாந்துட்டான். தங்கச்சி மாப்ளைன்னு வீட்டோட வச்சிருந்தேன் மேடம். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சாயந்தரம் அவன் கதையை முடிச்சிருதேன்.”

“அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால நிறையக் கேள்வி இருக்கு சார். விந்து வெளியில வாங்கினேளா?”

“எங்கிட்டயே கெடாப் பன்னி இருக்கு. எதுக்கு வாங்குதேன்?”

“அதை டெஸ்ட் பண்ணியாச்சு, க்ளீன்” என்றாள் ஸ்மிதா.

“புதுப் பன்னி?”

“இல்ல” என்றார் சுடலைக்கண்ணன். “இந்த வருசம் ஒரு உருப்படி வாங்கல. அந்தா, புதுசு வந்தா கட்டுததுக்குன்னே மதிலுக்கு அந்தப் பக்கம் தனிக் கொட்டில் கட்டிப் போட்டிருக்கேன். போயிப் பாருங்க, எட்டுக்கால் பூச்சிதான் குடியிருக்கும்.”

ஆஷிக் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். “நெசந்தான் மேடம். வாடகைக்கு விட்டா தாராவியில ரெண்டு குடும்பம் இருக்கும். அப்படியே வெளிய போயி பிரம்மநாயகத்துட்டயும் கேட்டேன். புதுப் பன்னி எதுவும் வரலேன்னு புள்ளைங்க மேல சத்தியம் பண்ணுதான். எதிர்த்தாப்புல இருக்கிற டீக்கடைக்காரரும் அதேதான் சொல்லுதாரு.”

மானசாவுக்கு இது பிடிக்கவில்லை. எதிரெதிரே நிற்கும் இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். உண்மை என்றால் ஒரு பாதை அடைபட்டது. மிச்சம் இருப்பவை ஊசியும் பூட்ஸும். இரண்டும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவனிடமே போய் நின்றன.

“வானமாமலை நம்பர் இருக்கா?” என்றாள்.

சுடலைக்கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நம்பரைச் சொன்னார். எதிரியின் நம்பர் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

ஸ்பீக்கரில் வானமாமலையின் குரலுக்கு முன்னால் குட்டிகளின் கூச்சல் வந்தது. கொழுத்த, பசியுள்ள, ஆரோக்கியமான கூச்சல்.

“பிரம்மநாயகமா? வந்தான், வந்தான். வாசலத் தாண்ட விடலியே. வேற பண்ணைக்காரன் என் பண்ணையில காலு வைக்க முடியாதுல்லா. அவன் ரோட்டுல நின்னான், நான் மதிலுக்கு உள்ள நின்னேன். கத்திக் கத்திப் பேசினோம். பாதிப் பேச்சு லாரிச் சத்தத்துல போச்சு.”

“எதுக்கு வந்தார்?”

“குட்டி இழுத்து இழுத்து மூச்சு விடுது, ஒங்களுக்கு அந்த மாரி வந்திருக்கா, எந்த டாக்டரக் கூப்பிடன்னு கேட்டான். நான்தான் ஸ்மிதாம்மா பேரச் சொன்னேன்.” குரல் இன்னும் உயர்ந்தது. “சுடலைக்கண்ணன் பக்கத்துல நிக்கானா? நிக்கட்டும், நிக்கட்டும். எங்க குட்டி சத்தத்தக் கேக்கட்டும்.”

போன் வைக்கப்பட்டது.

“பொய்யி” என்றார் சுடலைக்கண்ணன். ஆனால் இந்த முறை அவ்வளவு சத்தமாக இல்லை.

“இருக்கலாம்” என்றாள் மானசா. அவளும் அதைப் பாதிதான் நம்பினாள். “நான் ஒரு தடவை சுத்திப் பாத்துடறேன்.”

*

பண்ணையில் இரண்டு வரிசைக் கொட்டில்கள். வெளி வரிசை முற்றத்தைப் பார்த்தது. முன்னால் இரும்புக் கம்பி. உள் வரிசை அதற்குப் பின்னால், ஆள் உயரச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம். மானசா வெளி வரிசையை முதலிலிருந்து கடைசி வரை நடந்தாள். பிறகு உள் வரிசை. பிறகு மறுபடியும் வெளி வரிசை.

“மேடம், மூணாவது ரவுண்டு போனா டிக்கெட் கேப்பான்” என்றான் ஆஷிக். தீவன மூட்டைகளின் பக்கத்தில், எந்தப் பன்றியிடமிருந்தும் சம தூரத்தில் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அவன் நின்றிருந்தான்.

“ஆஷிக், உள் வரிசையில எது சீக்கு?”

“எல்லாம் திங்குது, தூங்குது. எங்க சாச்சா மாரி ஜாலியா இருக்கு.”

“வெளி வரிசையில?”

“ஒண்ணு விடாம எல்லாம் படுத்துட்டு.”

“ஊசி போடறவர் ரெண்டு வரிசைக்கும் போடறார். ஊசியில போயிருந்தா உள் வரிசையிலயும் இருக்கணும். பூட்ஸுன்னா அதே பூட்ஸோட ரெண்டு பக்கமும் நடக்கறார். அப்ப ஏன் ஒரு வரிசை மட்டும்?”

“உள்ளயும் கூடிய சீக்கிரம் வரும்” என்றாள் ஸ்மிதா. “ஆனா ஆரம்பிச்ச இடம் வெளி வரிசைதான். அது கரெக்ட்.”

“அப்ப வந்த ஆசாமி முற்றத்துல நடக்கறவன். சுவரைத் தாண்டி உள்ள போகாதவன்.” சொன்ன பிறகு அவளுக்கே சந்தேகம் வந்தது. அப்படி யார் இருக்க முடியும்? வேலைக்காரர்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் போகிறவர்கள்.

அவள் முதல் கொட்டிலின் முன் குனிந்தாள். நீலக் காதுகளுடன் படுத்திருந்த பன்றி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அதன் மூக்கு நுனி மஞ்சளாக இருந்தது.

அடுத்த கொட்டில். அதற்கும் மஞ்சள் மூக்கு. அடுத்தது, அதற்கும். கம்பிகளிலும், பன்றியின் மூக்கு எட்டும் உயரத்தில் மட்டும், மஞ்சள் தீற்றல். மானசா எழுந்து உள் வரிசைக்கு ஓடினாள். அங்கே எல்லா மூக்குகளும் பன்றி மூக்கின் இயல்பான நிறத்திலேயே இருந்தன.

“டாக்டர், இந்த நோய்ல மூக்கு மஞ்சளாகுமா?”

ஸ்மிதா ஒரு மூக்கைக் கையுறையால் துடைத்து முகர்ந்தாள். “அரே, இது மஞ்சள் தூள். சமையல் மஞ்சள்.”

மானசா மெல்லத் திரும்பினாள். சுடலைக்கண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். அந்தக் கை விரல்களில், நகக்கண் ஒவ்வொன்றிலும், மஞ்சள்.

நஷ்ட ஈட்டுப் பிரிவில் அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். தன் கோடவுனுக்குத் தானே தீ வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரன் மேல் பழி போடுகிறவர்கள். துக்கம் விசாரிக்கப் போனால் எல்லாரையும் விட உரக்க அழுபவர்கள். இந்த மனிதரும் காலையிலிருந்து உரக்கத்தான் பேசுகிறார்.

“சார், பன்னிகளுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கேளா?”

ஆஷிக் இருமினான். “மேடம், மெதுவா. அவரு நம்ம க்ளையண்ட்.”

“இன்சூரன்சா?” என்றார் சுடலைக்கண்ணன். “எனக்கே கிடையாது. பன்னிக்கு எவன் குடுக்கான்?”

“அப்ப இதுங்க மூக்குல நீங்க என்னத்தைத் தடவினேள்?”

“நானா? பன்னி மூக்கையா? எனக்கு என்ன கிறுக்கா?”

“உங்க நகத்துல மஞ்சள் இருக்கு. சீக்கான பன்னி மூக்குலயும் அதே மஞ்சள் இருக்கு. வேற எங்கயும் இல்லை.”

சுடலைக்கண்ணன் தன் விரல்களைப் பார்த்தார். பன்றிகளைப் பார்த்தார். நடிப்பவர்களுக்கு இவ்வளவு நேரம் பிடிக்காது. ‘தப்பு பண்ணிட்டேனோ’ என்று மானசாவுக்குத் தோன்றியது.

“இது காலையில...” என்று அவர் ஆரம்பித்தார்.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. சின்ன வெண்கல மணி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிணுக்கு.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அது வந்தது. கரிய, பெரிய ஆண்பன்றி. நெற்றியில் குங்குமம். கழுத்தில் செவ்வந்தி மாலை, மாலைக்கு நடுவே மணி. காது முதல் வால் வரை மஞ்சள் குளித்திருந்தது. வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரரைப் போல அவசரமே இல்லாமல் முற்றத்தில் நடந்து, முதல் கொட்டிலின் முன் நின்றது. உள்ளே படுத்திருந்த பன்றி சிரமப்பட்டு எழுந்து வந்து கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டியது. இரண்டு மூக்குகளும் உரசிக்கொண்டன. பிறகு அடுத்த கொட்டில். மறுபடி உரசல். பிறகு அடுத்தது.

ஆஷிக் எப்போது தீவன மூட்டைகளின் உச்சிக்கு ஏறினான் என்று யாரும் பார்க்கவில்லை. அங்கிருந்து அவன் குரல் வந்தது.

“மேடம், அக்யூஸ்டு மாலை போட்டுட்டு வருது.”

“இது என்ன?” என்றாள் மானசா.

“இதுவா?” சுடலைக்கண்ணனின் குரல் முதல் முறையாகத் தணிந்தது. “இது சாமி.”

“பன்னி.”

“இல்ல மேடம். சாமிக்கு நேந்து விட்டது. சுடலைமாடனுக்கு. கோயில் கொடைத் திருவிழா வரைக்கும் இது பாட்டுக்குத் திரியும். கட்டக் கூடாது, அடைக்கக் கூடாது. செவ்வாயும் வெள்ளியும் நான்தான் ஏங் கையால மஞ்சத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டுவேன். இன்னைக்குச் செவ்வாய்க் கிழமைல்லா.”

“இது இந்தப் பண்ணையில பொறந்ததா?”

“இல்ல. நெருள்ல இருக்காக நம்ம சம்மந்தி. அவுக வாங்கிக் குடுத்தாக. பன்வேல் பக்கம் எவன்ட்டயோ வாங்குனதா...” அவர் நிறுத்தினார்.

“எப்போ வந்தது?”

“கார்த்திகையில.”

“முதல் கரு எப்போ கலைஞ்சது?”

அவர் விரலை மடக்கி மாதத்தைக் கணக்குப் போட்டார். “அதுக்கு அப்புறந்தான்” என்றார்.

“நான் புதுப் பன்னி ஏதாவது வந்துதான்னு கேட்டேனே சார்.”

“பன்னின்னுதான கேட்டிய.” அவர் கிட்டத்தட்டக் கெஞ்சினார். “இது பன்னிக் கணக்குல வராதுல்லா. நான் மறைக்கல மேடம். சத்தியமா மனசுலயே வரல.”

“யாரும் மறைக்கலை. உங்க தங்கை மாப்பிள்ளைக்கும் இது தெரியும், அவர் மனசுலயும் வரலை. அதனாலதான் ரெண்டு பேரும் புதுப் பன்னி இல்லைன்னேள்.”

“நான் கேட்டப்ப டீக்கடைக்காரரும் சொல்லலியே” என்றான் ஆஷிக் மூட்டை மேலிருந்து. “அவரும் கன்யாகுமரி, சுடலைமாடனக் கும்பிடுத ஆளு. அண்ணாச்சி, கோவிச்சிக்கிடாதிய, ஒங்க எல்லாருக்கும் அது சாமி. அந்த வைரசுக்கு அது வண்டி. டிக்கெட் எடுக்காம ஏறி வந்துட்டு.”

“ஆனா அது நல்லாத்தான இருக்கு!” என்றார் சுடலைக்கண்ணன். “ஒரு இருமல் கூடக் கிடையாதே!”

“வளந்த ஆண் பன்னிக்கு வெளியில ஒண்ணும் தெரியாமலே இருக்கலாம்” என்றாள் ஸ்மிதா. “மூக்குச் சளியில, எச்சில்ல விட்டுண்டே இருக்கும். புதுசா வர்றதைத் தனிக் கொட்டில்ல வெச்சு டெஸ்ட் பண்ணுங்கோங்கறது இதுக்குத்தான். இதை வெச்சேளா?”

“சாமி உருப்படியைச் சீக்குக்காரன் மாரித் தனியா அடைக்க முடியுமா?”

பன்றி கடைசிக் கொட்டிலையும் விசாரித்து முடித்துவிட்டு நிழலில் படுத்தது.

“எனக்கு நூறு சதவீதம் நிச்சயம் இல்லை” என்றாள் மானசா. இதைச் சொல்லும்போது அவள் எப்போதும் கொஞ்சம் வெட்கப்படுவாள். “டெஸ்ட் பண்ணிட்டுத்தான் சொல்லணும். டாக்டர், ரத்தம் எடுக்க முடியுமா?”

சுடலைக்கண்ணன் இரண்டு எட்டில் பன்றிக்கும் டாக்டருக்கும் நடுவில் வந்து நின்றார்.

“ஊசி படக் கூடாது.”

“சார்...”

“ஒரு சொட்டு ரத்தம் வெளிய வந்தா அது சாமிக்கு ஆகாது மேடம். நெருள்ல கட்டிக் குடுத்தது ஏம் மவளை. ரெண்டு தடவ முழுகாம இருந்தா, ரெண்டும் தங்கல. அப்புறந்தான் நேந்தேன். இப்ப நிறைமாசமா இருக்கா.” அவர் குனிந்து பன்றியின் மாலையைச் சரிசெய்தார். “பண்ணை போனாப் போவுது. அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்ட்ட போயிக் கேப்பேன்?”

ஆஷிக் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ஸ்மிதாதான் யோசித்தாள். “கயிறு இருக்கா?”

“எதுக்கு? கட்டக் கூடாதுன்னு சொல்லுதேன்லா.”

“கட்ட வேண்டாம். பருத்திக் கயிறு, சுத்தமானது, புதுசு. அது வாய்க்கு எட்டற மாதிரி தொங்க விடணும். பன்னி எதைப் பாத்தாலும் கடிக்கும். நன்னா மெல்லட்டும். அப்புறம் கயிறைப் பையில போட்டுப் பிழிஞ்சா எச்சில் வரும். அதை லேபுக்கு அனுப்பினாப் போறும். இந்த வைரஸ் அதுலயே தெரியும். ஊசியே வேண்டாம்.”

“கயித்தக் கடிச்சா குத்தமில்லையே அண்ணாச்சி?” என்றான் ஆஷிக், மெதுவாக.

“குத்தமில்ல” என்றார் சுடலைக்கண்ணன். “அது சாப்பிடுத மாரிதான.”

கயிறு வந்தது. தொட்டியோரக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். சாமியின் பன்றி எழுந்து வந்து, முகர்ந்து, ஒரு முனையை வாயில் வாங்கி, வெற்றிலை போடுகிறவரின் நிதானத்துடன் மெல்லத் தொடங்கியது.

*

பிரம்மநாயகத்தை உள்ளே அழைத்தது மானசா. நடந்ததை அவளே சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே பன்றியைப் பார்த்தான், கொட்டில்களைப் பார்த்தான், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“நானும் தினமும் கும்புட்டுட்டுத்தான மேடம் போவேன். ஏங் கண்ணு அவிஞ்சா போச்சு?”

சுடலைக்கண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த உடம்பில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்தும் கிடைக்காதது போல அவர் ஒரு முறை தொண்டையைச் செருமினார், இன்னொரு முறை செருமினார்.

“சாயந்தரம் கூட்டம் இருக்கு அண்ணாச்சி” என்றான் ஆஷிக். “அங்க என்ன பேரச் சொல்லப் போறிய?”

“ஏம் பேரச் சொல்லுதேன்” என்றார் அவர், தரையைப் பார்த்து. “கொண்டாந்து விட்டவன் நான்தான. லேபுல வேற மாரி வந்தாலும் சரி. இவன் இல்லேங்கது வரைக்கும் தெரிஞ்சு போச்சுல்லா.”

ஸ்மிதா இனிமேல் செய்ய வேண்டியதைச் சொன்னாள். மாசக் கணக்கில் வெளியிலிருந்து ஒரு பன்றியும் உள்ளே வரக் கூடாது. உள் வரிசை வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் வெளி வரிசைக்குப் போக வேண்டும், திரும்பக் கூடாது. ஒரு பன்றிக்கு ஓர் ஊசி. இளைக்கிற குட்டிகளை வேறு குட்டிகளோடு கலக்கக் கூடாது. நேர்ந்து விட்டது மதிலுக்கு அந்தப் பக்கத் தனிக் கொட்டிலில் இருக்க வேண்டும். அந்தக் கொட்டில் கதவைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம்; முற்றத்துக்கு மட்டும் வரக் கூடாது.

பிரம்மநாயகம் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டு முடித்ததும் வாளியில் தண்ணீர் பிடித்து, டாக்டர் கொடுத்த கிருமி மருந்தைக் கலக்கினான். கலக்கி முடித்து நிமிர்ந்தான்.

“மச்சான், நீங்க வெளிய போங்க.”

அந்தப் பண்ணையில் சுடலைக்கண்ணனிடம் அப்படிச் சொன்னவர்கள் அதுவரை கிடையாது.

“என்ன மாப்ள சொல்லுத?”

“சாமிய நீங்க ஒங்க கையால குளிப்பாட்டுதிய. ஒங்க கையி, துணி எல்லாத்துலயும் சீக்கு இருக்கும். அதைப் பாக்குத ஆளு இங்க வரக் கூடாது. இங்க பாக்குத ஆளு அங்க போகக் கூடாது. நீங்க நேந்தது, நீங்க பாருங்க. கொடை முடியுத வரைக்கும் பண்ணைய நான் பாத்துக்கிடுதேன்.”

ஆஷிக் மானசாவின் காதோரம் வந்தான். “மேடம், ஓடிரலாமா?”

சுடலைக்கண்ணன் கத்த வாயைத் திறந்தார். அப்போது வெளி வரிசையில் ஒரு குட்டி மூச்சை இழுத்துக் கத்தியது. அவர் வாயை மூடிக்கொண்டார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். தீவன அறை, மருந்து அலமாரி, இரும்புக் கதவு, எல்லாம் அதில் இருந்தன. அதை நீட்டினார்.

பிரம்மநாயகம் கை நீட்டவில்லை.

“வாளியில போடுங்க மச்சான்.”

சாவி மருந்துத் தண்ணீரில் விழுந்து அடியில் போய் உட்கார்ந்தது. பிரம்மநாயகம் அதை உடனே எடுக்கவில்லை, ஊறவிட்டான்.

சுடலைக்கண்ணன் மணிச் சத்தத்தை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார். பன்றி வெளியேறும் வரை பொறுத்திருந்து, தானும் வெளியேறி, இரும்புக் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகு வெளியிலிருந்து ஒரு முறை இழுத்துப் பார்த்தார். இடுக்கில்லாமல் சாத்தியிருந்தது.